மாப்பிள்ளைக்கு வந்த வயிற்றுவலி

மருதமுத்து அண்ணன் தொட்டால் நோய் போய்விடும். ஆனால் போகிற நோய் அவரிடமே போய்விடும். மறுநாள் விடியும்வரை அவர்தான் அதைச் சுமக்க வேண்டும். பக்கத்து வீட்டு மீனம்மா அக்காவின் விக்கலை வாங்கிக்கொண்டு, தங்கா பத்துவிலிருந்து அலோர் காஜாவரை விக்கிக்கொண்டே ஹோண்டா கப் பைக் ஓட்டிப் போனவர் அவர். எங்களுக்கு உறவில்லை, ஊரே அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடும். எஸ்டேட் எஸ்டேட்டாகச் சுற்றிக்கொண்டே இருப்பார். ஒரே இடத்தில் தங்கினால் ஊர்ப்பட்ட நோயும் வாசலில் வந்து நிற்குமாம்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். அதுவும் உயிரியல் படிக்க. இதையெல்லாம் நம்புகிறாயா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த விக்கலை என் காதால் கேட்டேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

குருபோங் தொழிற்சாலையில் வேலை செய்த என் அக்கா தேவமலருக்குத் தொண்ணூற்றாறாம் ஆண்டு அடிக்கடி தலைவலி வந்தது. அதுவும் அண்ணன் எங்கள் தாமான் குடியிருப்புக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடுவார்.

"போயிடுச்சா?"

"கொஞ்சம் இருக்கு."

மறுபடியும் பிடிப்பார். பிறகு தலைவலியை வாங்கிய ஆள் போலவே இல்லாமல், சீட்டியடித்துக்கொண்டு பைக்கை எடுப்பார். வலி இல்லை என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அக்காவுக்கும் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் தலைவலி வரும்.

அதற்குள் அம்மா ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டார். பெயர் ஷங்கர், அலோர் காஜாவில் ஓர் ஆபீஸில் கிராணி, கணக்கெழுதும் வேலை. அவர்கள் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சேலை கட்டினாள்.

"வேணாம்னு சொல்லேன்," என்றேன்.

"என்னான்னு சொல்றது? ஞாயித்துக்கிழமை வந்துட்டு ஒண்ணுமே கேக்காமப் போற ஆளுக்காகவா?"

மாப்பிள்ளை கேசரியை வாயில் வைத்ததுமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். வியர்த்துக் கொட்டியது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஹோண்டா கப் சத்தம்.

"தம்பி, நல்ல வேளை வந்தீங்க! மாப்பிள்ளைக்கு வயிறு வலிக்குதாம், பாருங்க லா!" என்று அம்மா அவரை உள்ளே இழுத்து வந்தார்.

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாலே போதும், கல்யாணப் பேச்சு அன்றைக்கு நின்றிருக்கும். ஆனால் வலியில் துடிக்கிறவரைப் பார்த்துச் சும்மா நிற்க அவருக்குத் தெரியாது. ஷங்கரின் கையைப் பிடித்தார்.

ஷங்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணன் சுவரில் சாய்ந்தார். கைகால் உதறியது. வந்தது வெறும் வயிற்றுவலி இல்லை, அதற்கு அடியில் கிடந்த பயமும் சேர்ந்து வந்துவிட்டது என்று பிறகு சொன்னார்.

பயம் போன ஷங்கர் தன் அம்மா பக்கம் திரும்பினார். "மா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். ஆபீஸ்ல திலகான்னு ஒரு பொண்ணு இருக்கு. ரொம்ப நாளா உங்ககிட்ட சொல்லப் பயந்துகிட்டு இருந்தேன்." பிறகு எங்களிடம், "மன்னிச்சிருங்க. கேசரி நல்லா இருக்கு," என்று இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார்.

அவர் அம்மா அண்ணனை முறைத்தார். "ஏப்பா, வயித்தப் பாக்கச் சொன்னா நீ வேற என்னத்தப்பா எடுத்த?"

அவர்கள் போன பிறகு, செருப்பைக்கூட மாட்ட முடியாமல் அண்ணன் வாசலில் நடுங்கிக்கொண்டிருந்தார். அக்கா அவர் பின்னாலேயே போனாள்.

"என்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

அவர் வாயைத் திறந்தார். பல் தந்தியடித்ததே தவிரப் பேச்சு வரவில்லை.

"சரி விடுங்க, இது அவரு பயம். விடிஞ்சா போயிடும்ல? நாளைக்கு வந்து சொல்லுங்க. நான் லீவு போடுறேன்."

மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் வந்தார். அடுத்தவர் நோய் எதுவும் அவர் உடம்பில் மிச்சம் இருக்கக் கூடாத நேரம். ஆனால் கை நேற்றைவிட மோசமாக உதறியது.

அக்கா சந்தேகமாகப் பார்த்தாள். "வர்ற வழியில யாரையாச்சும் தொட்டீங்களா?"

"இல்லையே." தன் கையைத் தானே ஆச்சரியமாகப் பார்த்தார். "இது... என்னோடதுதான்."

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடினாள்.

"போயிடுச்சா?"

"கொஞ்சம் இருக்கு," என்றார் அண்ணன்.