திமிங்கலத்துக்குக் கீழே ஒரு தண்ணீர் வரிசை

இன்று பக்கத்து வீட்டு செல்வி அக்காவோடு அருங்காட்சியகம் போயிருந்தேன்.

திமிங்கல எலும்புக்கூட்டுக்குக் கீழே, ஒரு பெண் நாடகக் கலைஞர் காலிக் குடத்தோடு அசையாமல் நின்றிருந்தார். பக்கத்தில் 'எதிர்காலத்தில் நாம்' என்று ஒரு பலகை.

நான் அதைப் படித்து முடிப்பதற்குள், அக்கா தன் தண்ணீர் பாட்டிலை அந்தப் பெண்ணின் பின்னால் வைத்து இடம் பிடித்துவிட்டார்.

"தண்ணி லாரி எத்தினி மணிக்கும்மா வருது?"



"அக்கா, இது நடிப்பு. பிற்காலத்துல இப்படி ஆயிடும்னு காட்டுறாங்க."

அக்கா பாட்டிலைத் திறந்து நீட்டினார். "அது இருக்கட்டும். எவ்ளோ நேரமா நிக்கிறியோ, நீ முதல்ல குடி."

அந்தப் பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் குடித்தார்.

எங்கள் மேடவாக்கம் தெருவுக்கு அந்த எதிர்காலம் செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. உங்கள் தெருவுக்கு?