நீல வார் செருப்பும் கடைசி எபிசோடும்

சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலில் கூடியிருந்த பெண்கள் எல்லோரும் வெறுங்காலோடு நின்றிருந்தார்கள். ஒரே ஒருத்தியின் காலில் மட்டும் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. அது என் மனைவி. பூமிக்குள்ளிருந்து எங்களைத் தூக்கி வரும் கேஜை விட்டு இறங்கியதும் சாயங்கால வெயில் கண்ணைக் கூசவே தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். அதனால் முகங்களுக்கு முன்னால் எனக்குக் கால்கள்தான் தெரிந்தன. அந்த நாளைப் பற்றி எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கல்யாணப் பந்தியில், பெங்களூர் போகும் ரயிலில், சர்ச் வாசலில், பேரப் பிள்ளைகளிடம். அந்தக் கதையில் இந்தச் செருப்பு மட்டும் வராது. வராதபடி பார்த்துக்கொண்டவன் நான்தான்.

அப்போது நாங்கள் ஸ்கெலட்டன் என்ற பகுதியில், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய ஒரு லைன் வீட்டில் இருந்தோம். தங்க வயலுக்குக் கேபிள் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மதியம் மூன்று மணிக்கு ஒரு தொடர். தம்பி தங்கைகளை வளர்ப்பதற்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போகும் ஒரு மூத்த பெண்ணின் கதை. அவளுக்காக ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வருடக்கணக்காகக் காத்திருக்கிறார். கடைசியில் அவரோடு போவாளா, மாட்டாளா? இதுதான் கேள்வி. இதைப் பெண்கள் பார்க்கும் நாடகம் என்று சொல்லிக்கொண்டே சுரங்கத்து ஆண்கள் எல்லோரும் பார்த்தோம். எங்களில் பெரிய பைத்தியம் நான். தொடரில் தம்பி அவளைக் கைநீட்டி அடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இன்னாங்க நீங்க, நான்தான் அழுவணும்" என்று என்னைக் கேலி செய்தாள்.

எங்கள் வேலை ஷிப்ட் வேலை. காலை ஷிப்ட் வாரத்தில் ஓடி வந்து குளிக்காமல்கூட டிவி முன்னால் உட்கார்ந்துவிடலாம். மதிய ஷிப்ட் வாரத்தில் முடியாது. தொடர் ஓடும் நேரத்தில் பூமிக்குள் இருப்போம். அதற்கு எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுப் பெண்கள் பார்த்து வைத்திருந்து, மறுநாள் காலையில் கதை சொல்வார்கள். என் மனைவி சொல்வது மாதிரி யாரும் சொல்ல மாட்டார்கள். உள்ளதை உள்ளபடி சொல்வாள். யார் எங்கே நின்றார்கள், என்ன புடவை, எந்த இடத்தில் பின்னணி இசை நின்றது, எதுவும் தப்பாது. அவள் சொன்னதை நான் டிபன் நேரத்தில் பூமிக்கடியில் எங்கள் லெவலில் உட்கார்ந்து, கூட வேலை செய்யும் என் கேங்குக்குச் சொல்வேன். ஆனால் நான் அவளைப் போல அல்ல. கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்துத்தான் சொல்வேன். அவள் கதையில் ஒரு சொட்டுக் கண்ணீர் என்றால் என் கதையில் குடம் குடமாக ஓடும். கேட்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அந்த ருசி எனக்குப் பழகிவிட்டிருந்தது.

தொடர் முடியப் போகிறது என்று அறிவித்தார்கள். பார்த்தால் கடைசி நாள் என் மதிய ஷிப்டில் விழுந்திருந்தது. ஷிப்ட் மாற்றிக் கேட்டேன். காரணத்தை எப்படியோ தெரிந்துகொண்ட மேஸ்திரி, "ஏம்பா, பொண்ணு கல்யாணமா, சாவா? நாடகத்துக்கெல்லாம் ஷிப்ட் மாத்துவாங்களா?" என்று சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் அப்புறம் சொல்லு" என்றார். கிளம்பும்போது மனைவியிடம் கறாராகச் சொன்னேன்: "இன்னா ஆனாலும் சரி, ஒண்ணு விடாம பாத்து வை. நாளைக்கு கேங்கே என் வாயப் பாத்துக்கினு உக்காந்திருக்கும்." அவள் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, "பாத்து வெக்கிறேன், நீங்க பத்திரமா வாங்க" என்றாள். இன்னா ஆனாலும் சரி என்றேன். அந்த வார்த்தையைப் பிற்பாடு எத்தனை முறை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தங்க வயலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பூமிக்குள் பாறை சில நேரம் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். பர்ஸ்ட் என்போம். மேலே வீடுகளில் பரணிலுள்ள பாத்திரங்கள் கலகலவென்று ஆடும். பெண்கள் வாசலுக்கு வந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். சுரங்கத்துச் சங்கு ஊதவில்லை என்றால் திரும்பிப் போய் விட்ட வேலையைப் பார்ப்பார்கள். நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதிவிட்டால் அடுப்பில் இருப்பது அடுப்பில், தொட்டிலில் இருப்பது இடுப்பில், ஒரே ஓட்டம்தான். அப்படி ஓடாத பெண் எங்கள் ஊரில் கிடையாது.

அன்று தொடர் ஓடும் நேரத்தில்தான் பர்ஸ்ட் ஆனது. எங்களுக்கும் கேஜுக்கும் நடுவே பாறை சரிந்து வழியை அடைத்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. அந்தப் பக்கம் ஆட்கள் கல்லை அள்ளும் சத்தம் கேட்டது. நாங்கள் இந்தப் பக்கம் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருவன் மட்டும், "அண்ணே, இந்நேரம் கதை முடிஞ்சிருக்கும். வாத்தியாரோட போயிருப்பாளா?" என்றான். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டோம். போயிருப்பாள் என்று பாதிப் பேர், மாட்டாள் என்று பாதிப் பேர். நானே ஒரு முடிவைக் கட்டி, அவளையும் வாத்தியாரையும் ரயிலேற்றி, தம்பியைப் பிளாட்பாரத்தில் விழுந்து அழ வைத்தேன். எல்லோரும் சிரித்தோம். ஒருவன் சிரித்துக்கொண்டே அழுதான்.

வழி கிடைத்து மேலே வந்தபோதுதான் அந்தக் கால்களைப் பார்த்தேன். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளைச் சிரிக்க வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழியாக, "இன்னாமே, கதை இன்னா ஆச்சு?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற எதிர் வீட்டு அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. கல் கிழித்து அவள் காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. "கதையாம் கதை! உயிரக் கையில பிடிச்சிக்கினு மொத்த லைனும் ஓடியாந்துட்டோம். எவ பாத்தா உன் கதைய?" என்றாள். என் மனைவி என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று வருடம் கண்ணிமைக்காமல் பார்த்த தொடரின் கடைசி நாளைப் புருஷனுக்காகத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடி வந்தவள் என்று ஊரெல்லாம் சொன்னேன். முதல் தடவையே, 'காலில் செருப்புகூட இல்லாமல்' என்று சேர்த்தேன். அது தானாக வாயில் வந்தது. மற்றவர்கள் அப்படி வந்தார்கள்தானே, கதைக்கும் அதுதான் எடுப்பாக இருந்தது. அவள் பக்கத்தில் இருந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். வெட்கம் என்று நினைத்தேன். "இவளுக்குப் புகழ்ந்தாலே ஆவாது" என்று அதையும் ஒரு புகழாக்கினேன்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. எங்கள் லைனில் யாருமே முடிவைப் பார்க்கவில்லை என்பதால் ஆளுக்கொரு முடிவு உலவியது. வேலூரிலிருந்து வந்த ஒருத்தியின் தங்கை, கல்யாணம் ஆகிவிட்டது என்றாள். பெங்களூரிலிருந்து வந்த இன்னொருத்தியின் நாத்தனார், அந்தப் பெண் செத்துப்போய்விட்டாள் என்று அடித்துச் சொன்னாள். குழாயடியில் இது பெரிய சண்டையாகவே ஆனது. என் மனைவி குடத்தை நிரப்பிக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்துவிடுவாள். கதை சொல்வதையும் நிறுத்திவிட்டாள். புதிதாக வந்த தொடர்களை மற்றவர்கள் வந்து கூப்பிட்டாலும் பார்க்கவில்லை. நான் அதையும் கவனித்தேன், அதற்கும் ஒரு பெருமையான காரணம் கண்டுபிடித்தேன்.

பிறகு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அந்த வாரத்தில் ஒரு மதியம், வேலையில்லாத கைகளை மடியில் போட்டுக்கொண்டு நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் டீ கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இனிமே சங்கு ஊதாது இல்லங்க?"

"ஊதாது."

"அப்ப ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் கதைய பாத்தேங்க. முடியற வரைக்கும் பாத்துட்டுத்தான் வந்தேன்."

நான் டீயைக் கீழே வைத்தேன். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பாத்திரம் ஆடுச்சு. சங்கு ஊதுச்சு. எல்லாரும் ஓடற சத்தம் கேட்டுச்சு. எனக்கு எழுந்திருக்க முடியல. நடுவுல விளம்பரம் போட்டான், அப்பகூட ஓடியிருக்கலாம். போனாதான தெரியப் போவுது, இங்க உக்காந்திருக்கிற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆவலன்னு இருந்துச்சு. நீங்கதான சொல்லிட்டுப் போனீங்க, பாத்து வைன்னு. நான் பாத்து வெச்சா, நீங்க கேக்க வந்துதான் ஆவணும்னு ஒரு பைத்தியக்கார நெனப்பு. முடிஞ்சதும் டிவிய நிறுத்தினேன். செருப்பத் தேடற சாக்குல இன்னும் கொஞ்ச நேரம் நின்னேன்."

"இத்தினி நாளு ஏம்மே சொல்லல?"

"தெனம் கீழ எறங்கிக்கினு இருந்தீங்க. சங்கு ஊதனாலும் இவ வரமாட்டான்னு நெனச்சிக்கினே எறங்கக் கூடாதுல்ல."

"சரி, கடைசியில அவ இன்னா பண்ணா?" என்று கேட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு பழைய காலை நேரங்களில் சொல்வது போலவே ஒன்று விடாமல் சொன்னாள். வாத்தியார் பெட்டியோடு வருகிறார். அவள் காபி போட்டுக் கொடுக்கிறாள். பழைய விஷயங்களைப் பேசிச் சிரிக்கிறார்கள். அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, தனக்கு மட்டும் ஒரு தட்டு எடுத்துச் சோறு போட்டுக்கொள்கிறாள். அவ்வளவுதான் முடிவு. எனக்குச் சப்பென்று போய்விட்டது. இத்தனை வருடம் காத்திருந்தது இதற்குத்தானா என்று கோபம்கூட வந்தது. "நான் ரயிலேத்தி விட்டேனே, அது இதவிட நல்லா இருந்துச்சு" என்றேன். "உங்களுக்கு எதுவுமே இருக்கிறபடி இருந்தா புடிக்காது" என்றாள் அவள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு எங்கேயோ தைத்தது. செருப்பை அன்றைக்கே பார்த்துவிட்டேன் என்பதை அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எழுந்து போகும்போது, "அந்த வெறுங்கால் கதைய மட்டும் இனிமே சொல்லாதீங்க. கால் கிழிஞ்சி வந்த அக்கா முன்னால எனக்குக் கூசுது" என்று கேட்டுக்கொண்டாள்.

சொல்வதை நிறுத்தினேன். ஆனால் ஏற்கெனவே சொன்னதை யாரிடமும் போய்த் திருத்தவில்லை. கதை தன் பாட்டுக்கு ஊரில் நடமாடிக்கொண்டிருந்தது. போன வருடம் அவள் இறந்தபோது, அடக்க ஆராதனையில் போதகர் அதைத்தான் எடுத்துச் சொன்னார். தனக்குப் பிரியமானதையெல்லாம் விட்டுவிட்டு, காலில் செருப்புகூட இல்லாமல் கணவனைத் தேடி ஓடிய மனைவி என்றார். சர்ச் முழுவதும் விசும்பியது. பெட்டிக்குள் படுத்திருந்தவள் எழுந்து உள்ளே போகக்கூட முடியாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை. ஒருத்திக்குச் செய்யக்கூடிய அநியாயத்தைப் புகழ்ந்தும் செய்யலாம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெளியே வந்ததும் மகள் என் தோளில் சாய்ந்து, "அம்மா மாதிரி எங்களால எல்லாம் முடியாதுப்பா" என்று அழுதாள். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"செருப்பு போட்டுக்கினுதாம்மா வந்தா," என்றேன்.

"இன்னாப்பா?"

"கதைய முழுசா பாத்துட்டு, டிவிய நிறுத்திட்டு, செருப்பு போட்டுக்கினு வந்தா. நான் பாத்தேன்."

அவள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு என் முதுகைத் தடவி, "சரிப்பா, சரிப்பா. காலையிலிருந்து ஒண்ணுமே சாப்பிடல நீங்க" என்றாள். தள்ளாத வயதில் கம்பூன்றி நின்றிருந்த எதிர் வீட்டு அக்கா மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்று வாசலில் அவளும்தானே பக்கத்தில் நின்றாள். இத்தனை வருடமும் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். மதியம் டிவி ஓடுகிறது. பேத்தி, "தாத்தா, ஆயா ஓடின கதை சொல்லு" என்று வந்து நிற்கிறாள். உப்பும் காரமும் இல்லாமல், உள்ளதை உள்ளபடி சொல்லிப் பார்க்கிறேன். அவளுக்குப் பிடிப்பதில்லை; வெறுங்கால் எங்கே என்று கேட்கிறாள். சொன்னால் நம்ப மாட்டாள் என்றாலும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீல வார். இடது காலில் வார் பிய்ந்து, அடியில் ஊக்குக் குத்தியிருந்தாள். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு யாராலும் ஓட முடியாது. அவ்வளவு தூரமும் அவள் நடந்துதான் வந்திருக்கிறாள், நான் வந்து கதை கேட்பேன் என்று, அதை மறந்துவிடாமல் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே.