பொட்டலச் சீட்டும் ஒரு சாய்வுக் கோடும்

மென்பொருள் பொட்டலத்தைப் பிரிக்காமல், மேலே ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் படிப்பது எங்கள் தொழில். பெயர், பதிப்பு எண், எழுதியவர், உரிமம் எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும்; ஆனால் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். நாங்கள் செய்த கருவி அதைப் படித்து, கேட்கிற வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும். பொத்தான், படம் எதுவும் கிடையாது. கருப்புத் திரையில் ஒரு வரி கட்டளை தட்டினால் ஓடும். எங்கள் அலுவலகம் ஜொகூர் பாருவில், ஒன்பதாவது மாடி. சன்னலுக்கு வெளியே பாலத்தில் வண்டிகள் சிங்கப்பூர் பக்கம் ஊர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே எழுத்துகள் மேலே ஓடிக்கொண்டே இருக்கும். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், மத்தியானத்தில் கண் திறந்தபடியே கனவு வரும்.

ஒன்பதுக்குப் பிறகு

செடெனாக்கில் ஒரு கிளினிக்கின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் லெட்சுமி அக்கா. நோயாளிகளை எண் சொல்லிக் கூப்பிடும் மென்பொருளில் புதிய பதிப்பைப் போட்டால், பழையதே திரும்பி வருகிறது என்றார். எது புதிய பதிப்பு என்று அந்தக் கணினிகள் எங்கள் கருவியைக் கேட்டுத்தான் முடிவு செய்யும். பார்த்தேன். 1.9க்கு அடுத்து வந்த பதிப்பு 1.10. எங்கள் கருவி கடைசிப் பூஜ்யத்தை விழுங்கிவிட்டு, 1.1 என்று படித்து, பழசு என்று ஒதுக்கியிருந்தது.

அதைத் திருத்திவிட்டு, மேலாளர் ஹபீப் அண்ணனிடம் சொன்னேன். டீயை ஆற்றியபடி திரையைப் பார்த்தார். "எனக்கு இந்த வருஷம் அம்பது. உன் கருவி அஞ்சுன்னு படிச்சா, நாளைக்கே லீவு போட்டுட்டு விளையாடப் போயிடுவேன்லா."

இரண்டு பேர்

சிம்பாங் ரெங்கத்திலிருந்து முருகையா என்பவர் போன் செய்தார். தோட்டங்களில் மழை அளவைப் பதிய ஒரு சின்ன மென்பொருளைத் தனியாளாக எழுதியவர். சீட்டில் தன் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே, 'முருகையா ஏ/எல் சின்னப்பன்' என்று போட்டிருந்தார். 'ஏ/எல்' என்றால் மலாயில் 'மகன்'; சின்னப்பன் அவர் அப்பா. சாய்வுக் கோட்டைக் கண்டதும் எங்கள் கருவி பெயரை இரண்டாக உடைத்துவிட்டது. எழுதியவர்கள்: முருகையா ஏ, எல் சின்னப்பன்.

வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டு, உடனே திருத்துகிறேன் என்றேன்.

"எங்கப்பா செம்பனைத் தோட்டத்துல குலை வெட்டுனவரும்மா. மழையில நனைஞ்சே வேலை செஞ்சாரு. கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்ல. போன வருஷம் தவறிட்டாரு."

வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது. திரையில் அந்த இரண்டு பெயர்களும் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. அவர் சொன்னார்: "திருத்துங்க, ஆனா நாளைக்குத் திருத்துங்க. இன்னிக்கு ஒரு நாள் எங்கப்பா பேரு தனி வரியில இருக்கட்டும்."

பேர் சொல்லிக் கூப்பிட்டது

அடுத்த நாள் திருத்தினேன். சாய்வுக் கோடு எங்கே வந்தாலும் உடைக்காதே என்று கருவிக்குச் சொல்லிவிட்டு, சரியாகச் சோதிக்காமலே வெளியிட்டேன். மனம் இன்னும் முந்தைய நாள் தூறலிலேயே இருந்தது.

மறுநாள் காலை லெட்சுமி அக்கா அழைத்தார். எண் காட்டும் பலகை இருண்டு கிடக்கிறது, கூடம் நிறைய நோயாளிகள், இருமல் சத்தம் போனிலேயே கேட்டது. அலமாக், ஐயோ! பழைய சீட்டுகளில் 'இந்த உரிமம் அல்லது அந்த உரிமம்' என்பதற்கு நடுவே சாய்வுக் கோடுதான் போடுவார்கள். கருவி இரண்டையும் ஒரே உரிமமாகப் படித்து, அப்படி ஒன்று இல்லை என்று கிளினிக் மென்பொருளையே மறுத்துவிட்டது. தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். ஆட்களின் பெயரில் மட்டும் உடைக்காதே, உரிமத்தில் உடை என்று மாற்றி, ஹபீப் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகச் சோதித்து முடிக்க மதியமாகிவிட்டது.

அதுவரை என்ன செய்தீர்கள் என்று பயந்துகொண்டே அக்காவைக் கேட்டேன். "வாசல்ல நின்னு ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். எல்லாரும் சிரிச்சுகிட்டே எழுந்து வந்தாங்கம்மா. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எனக்குத் தொண்டை கட்டிடுச்சு."

இத்தனைக்கும் சேர்த்து, புதிய பதிப்பின் குறிப்பில் நான் எழுதியது ஒரே வரிதான்: 'சிறு பிழைகள் திருத்தப்பட்டன.'