பச்சையாக ஒரு ஜின்

மைசூரில் இருக்கும் பார்களைப் பற்றி யாருக்காவது சந்தேகம் வந்தால் மாணிக்கவாசகத்தைக் கேட்டால் போதும். எங்கே கடலை மசாலாவில் வெங்காயம் தாராளமாக இருக்கும், எங்கே மீன் நேற்றைய மீன், எந்த மேஜையில் உட்கார்ந்தால் ஏசி தண்ணீர் தலையில் சொட்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. இருபத்திரண்டு வருஷமாக ஒரு சனிக்கிழமை மத்தியானம்கூட விடாமல் போய் வந்த மனிதர். இதில் ஒரே ஒரு சின்ன விஷயம்: அவர் ஒரு சொட்டுக் குடித்ததில்லை.

தாத்தா காலத்தில் சேலத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். மாணிக்கவாசகமும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில்தான் ஆபீஸ் கிளார்க். முப்பத்திரண்டு வயதில் மஞ்சள்காமாலை வந்து, டாக்டர் ஒரு வருஷத்துக்கு மதுவை மோந்துகூடப் பார்க்காதே என்று சொல்லிவிட்டார். அதுவரைக்கும் அவர் மோந்து பார்த்ததில்லை என்பது வேறு கதை. சரியாக அந்த வாரம்தான் மஞ்சுநாத் அவரை முதல்முறையாகப் பாருக்குக் கூப்பிட்டார்.

மஞ்சுநாத் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஒரே ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் என்பதால் நல்ல தமிழ் பேசுவார், ஆனால் வாக்கிய முடிவில் கன்னடத்து 'டா'வான ஒரு 'கணோ' அல்லது 'இல்லையா'வான ஒரு 'அல்வா' போடாமல் அவருக்கு மூச்சு வராது. அன்றைக்கு உட்கார்ந்ததுமே அவர் சட்டம் போட்டார். "குடிக்காதவன் நம்ம டேபிள்ல கூடாது கணோ. நாம போதையில என்னென்னமோ உளறுவோம். அவன் சிசிடிவி கேமரா மாதிரி எல்லாத்தையும் பார்த்துட்டு மறுநாள் ஞாபகம் வச்சிருப்பான், அல்வா?"

பள்ளிக்கூடத்திலும் சரி, ஆபீஸிலும் சரி, வா என்று மாணிக்கவாசகத்தை யாரும் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்ட ஒரே ஆள் இந்த மஞ்சுநாத். கை கழுவும் சாக்கில் எழுந்து போய், சர்வர் கரியப்பனின் கையைப் பிடித்தார். கரியப்பன் கர்நாடகத்திலேயே தமிழ் பேசும் ஊரான மார்டள்ளிக்காரர். "அண்ணே, நான் ஜின் லைம்னு கேப்பேன். ஆனா பச்சையான்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னேன்னா, ஜின் ஊத்தாதீங்க. பச்சை எலுமிச்சம்பழமும் சோடாவும் போதும்."

அந்த ஒரு வார்த்தையில் ஓடியது இருபத்திரண்டு வருஷம். கரியப்பன் தன் ஊர் ஆட்களிடம் எல்லாம் சொல்லி வைத்தார். எந்தப் பாருக்குப் போனாலும் அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் இருப்பார், மாணிக்கவாசகம் பச்சையா என்பார், லைம் சோடா வரும். டாக்டர் சொன்ன வருஷம் முடிந்ததைக் கவனிக்கவே அவருக்கு நேரமில்லை, நடிப்பு அவ்வளவு மும்முரம். இரண்டாவது கிளாஸில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். மூன்றாவதில் தன் மேலதிகாரியைத் தூய தமிழில் திட்டுவார். நான்காவதில் ஓவென்று அழுவார். அவர் அழாத சனிக்கிழமையை மஞ்சுநாத் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

வீட்டில் மனைவி ரூபாவுக்கு மட்டும் உண்மை தெரியும். "குடிச்சுக் கெட்ட பேர் எடுத்தவங்களைப் பார்த்திருக்கேன். லைம் சோடா குடிச்சுக் கெட்ட பேர் எடுத்த ஆள் நீங்க ஒருத்தர்தாங்க," என்பாள். கீழ் வீட்டு மாதம்மா ரூபாவைப் பார்க்கும்போதெல்லாம் பாவப்பட்டு ஒரு கிண்ணம் பாயசம் தருவாள். பாயசம் நன்றாக இருந்ததால் ரூபாவும் திருத்தப் போகவில்லை.

ஆனால் மாணிக்கவாசகத்துக்கு உள்ளுக்குள் ஒரு பயம் அரித்துக்கொண்டே இருந்தது. மஞ்சுநாத் போதையில் சொன்னது எதுவும் அவருக்கு மறக்கவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் சாகும்போது, தான் வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்ததை மஞ்சுநாத் பதினோரு தடவை சொல்லி அழுதிருக்கிறார். பதினோரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டார் மாணிக்கவாசகம். உண்மை தெரிந்தால் மஞ்சுநாத் தன்னை எந்த முகத்தோடு பார்ப்பார்? அந்த மேஜை போனால் அவருக்கு வேறு மேஜை கிடையாது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கூட்டத்தில் மூன்றாவது ஆளான எலெக்ட்ரிகல் கடை தருண்குமார் எல்லாரையும் காளிதாசா ரோட்டில் புதிதாகத் திறந்த காக்டெயில் பாருக்கு இழுத்துப் போனார். மாடிப்படி ஏறினால் உள்ளே கும்மிருட்டு. மத்தியானம் ஒரு மணிக்கு எதற்கையா இருட்டு? கேட்டால் அதுதான் ஸ்டைலாம். ஒருத்தருக்குப் பித்தளை டபராவில் ஏதோ வந்தது, மேலே வெற்றிலை மிதந்தது. இன்னொருவர் கிளாஸுக்குள் மைசூர்பாக்கை முங்க வைத்திருந்தார்கள். பக்கத்து மேஜையில் ஒரு கண்ணாடி மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று சாம்பிராணிப் புகை வந்தது, நான்கு பெண்கள் அதைப் போட்டோ எடுத்தார்கள், யாரும் குடிக்கவில்லை.

மேஜை காலி இல்லை. மூவரும் கவுண்டருக்கு முன்னால் உயரமான ஸ்டூல்களில் ஏறி உட்கார்ந்தார்கள். மாணிக்கவாசகத்துக்கு உயிரே போய்விட்டது. எல்லாம் கண்ணெதிரே ஊற்றுகிறார்கள், கரியப்பனும் இல்லை. மஞ்சுநாத் வேறு வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தார், ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே முதலில் எழுந்து போய்க் கலக்கித் தரும் பெண்ணிடம் ஏதோ குசுகுசுத்துவிட்டு வந்தார்.

அந்தப் பெண் போனில் யாரிடமோ தமிழில் "இல்லீங்க, அஞ்சு மணிக்கு மேலதானுங்க" என்றாள். மாணிக்கவாசகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஊர் எது என்று விசாரித்தார். பெயர் மனிஷா, ஊர் ஹனூர். மார்டள்ளிக்குப் பக்கத்து ஊர்தான், விஷயம் எட்டாமலா இருக்கும்?

"ஜின் லைம்மா. எனக்குப் பச்சையா."

மனிஷா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பச்சையாவா? தண்ணி, சோடா ஒண்ணுமே வேண்டாங்களா?"

கெட்டிக்காரப் பெண், கூட இருப்பவர்களுக்காக நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். கண்ணடித்தார். "ஒண்ணும் வேண்டாம்மா."

"நல்லா யோசிச்சுக்குங்கண்ணா."

"இருபத்திரண்டு வருஷப் பழக்கம்மா."

மனிஷா மரியாதையோடு தலையசைத்து, தண்ணீர் கலக்காத ஜின்னை ஊற்றி, எலுமிச்சைத் துண்டு ஒன்றைப் போட்டு நீட்டினாள். மாணிக்கவாசகம் பழக்கதோஷத்தில் ஒரே மடக்காகக் கவிழ்த்துக்கொண்டார்.

தொண்டையிலிருந்து தொப்புள் வரைக்கும் தீ பற்றியது. பக்கத்தில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் மோந்த வாசனை, இன்னதென்று தெரியாதா? துப்ப முடியாது, மஞ்சுநாத் பார்த்துக்கொண்டிருக்கிறார். "ரிப்பீட்," என்றார் தருண்குமார். இரண்டாவதைத் திருப்பி அனுப்பினால் காரணம் சொல்ல வேண்டும், எனவே அதுவும் உள்ளே போனது. மூன்றாவதை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவரேதான் கேட்டார்.

அதற்குப்பிறகு நடந்ததுதான் கூத்து. உண்மையாகவே போதை ஏறிய மாணிக்கவாசகம் கற்சிலையாகிவிட்டார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து நேராகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. யாரையும் திட்டவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யோசித்தார், ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. பக்கத்தில் மஞ்சுநாத் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தருண்குமாருக்குக் கோபம் வந்துவிட்டது. மனிஷாவிடம் கன்னடத்தில் பாய்ந்தார். "மூணு கிளாஸ் ஆச்சு, இவர் இன்னும் கல்லு மாதிரி உக்காந்திருக்கார். ஏமாத்தறியா? வெறும் எலுமிச்சை ஜூஸ்தானே குடுத்தே?"

"சார், ஒரு சொட்டுத் தண்ணி கலக்கல. வேணும்னா மானேஜரைக் கேளுங்க," என்றாள் மனிஷா, அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. தருண்குமார் மானேஜரைத் தேடிக்கொண்டு போனார்.

இருவரும் தனியானதும் மஞ்சுநாத் சிரிப்பை நிறுத்தினார். ஸ்டூலை அருகில் இழுத்துக்கொண்டார்.

"மாணிக்கா, இன்னிக்கு ஏன் நடிக்கல? என் மேல கோபமா?"

"எது நடிப்பு?" என்றார் மாணிக்கவாசகம். நாக்கு சற்றுத் தாமதமாக வந்தது.

"எனக்கு எல்லாம் தெரியும் கணோ. ரெண்டாவது வருஷமே உன் கிளாஸை மாத்தி எடுத்துக் குடிச்சுட்டேன். லைம் சோடா. முதல்ல கோபம்தான். அப்புறம் யோசிச்சேன். குடிக்கிற எங்களுக்கு விடிஞ்சா எதுவும் ஞாபகம் இருக்காது. நான் அழுததை ஒருத்தனாவது ஞாபகம் வச்சிருக்கணும், அல்வா? அதனாலதான் உன் முன்னாடி அழுதேன்."

இத்தனை வருஷம் மாணிக்கவாசகம் எது போய்விடுமோ என்று பயந்து செத்தாரோ அது பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது.

"இன்னிக்கு நான்தான் லைம் சோடா," என்றார் மஞ்சுநாத். "வந்ததுமே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். உன்னை மாதிரியே நடிச்சேன், நல்லா இருந்துச்சா? டாக்டர் தொடக்கூடாதுன்னுட்டார். ஹார்ட்ல ஆபரேஷன். செவ்வாய்க்கிழமை. காலையில ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி பின்பக்க கேட். வீட்டுக்காரி பிரதிபாவுக்குச் சொன்னா இன்னிக்கே அழுது உடம்பைக் கெடுத்துக்குவா, திங்கட்கிழமைதான் சொல்லப் போறேன். கையெழுத்துப் போட நீ வரணும். நான் உள்ள போறப்ப வாசல்ல நீ நிக்கணும் மாணிக்கா. எங்கப்பாவுக்கு நான் நிக்கல."

மாணிக்கவாசகம் தலையை ஆட்டினார். பிறகு அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். எந்த நாள் சொன்னார்? இதோ இப்போதுதான் காதில் விழுந்தது, பிடிப்பதற்குள் வழுக்கிப் போய்விட்டது. போனை எடுத்துக் குறித்துக்கொள்ளப் பார்த்தார். எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. ஏதோ அரை நினைவில் செவ்வாய் என்று தட்டியதும் போன் தானாகவே கிரகம் என்று சேர்த்துக்கொண்டது.

"மஞ்சு, என்னிக்குன்னு சொன்னே?"

மஞ்சுநாத் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். அவருடைய கிளாஸை எடுத்து மோந்தார். மனிஷாவைத் திரும்பிப் பார்த்தார்.

"பச்சையாத்தானுங்க கேட்டாரு," என்றாள் அவள், அழாத குறையாக.

"அட பாவி, குடிச்சிருக்கியா நீ," என்று மஞ்சுநாத் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை. ஆறு மணி. பின்பக்க கேட். மாணிக்கவாசகம் கூடவே சொல்லிப் பார்த்தார், நாளைச் சொல்லும்போது மணி போனது, மணியைப் பிடித்தால் கேட் போனது. மஞ்சுநாத் மறுபடி சொன்னார். நான்காவது தடவையும் சொன்னார்.

மாணிக்கவாசகம் இரண்டு கைகளாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லுடா," என்றார்.