அம்மா வருவதற்கான நிபந்தனைகள்

எவர்சில்வர் டம்ளரில் ஆறிப்போன பாலைப் பார்த்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது. மேலே ஆடை படிந்து, யாரும் தொடாமல், சமையலறை வாசற்படியில் இருந்த அந்த ஒரு டம்ளர்தான் உடனே கண்முன் வரும். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாக்ஸியில் ஏறிய காலை அது. பால் வேண்டாம் என்று நான் தரையில் புரண்டு அழுதுகொண்டிருந்தேன். எனக்கு ஐந்து வயது. டாக்ஸி ஜன்னல் வழியாக அம்மா என்னவோ சொன்னாள், நான் போட்ட கூச்சலில் அது எனக்குக் கேட்கவில்லை. அவள் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனாள். அதை என்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னைச் சைதாப்பேட்டையில் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு தாம்பரத்துக்குத் திருப்பிக் கூட்டிவந்தார்கள்.

வந்து பார்த்தால் வீட்டில் அத்தை இருந்தாள். அப்பாவின் அக்கா, கல்யாணம் ஆகாதவள், கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் டீச்சர். அம்மா எங்கே என்று கேட்டேன். அத்தை கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "நீ பால் குடிக்கலைல்ல? அதான் கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்டா. சமத்தா இருந்தா வருவா" என்றாள். சின்னப் பிள்ளைகளிடம் செத்தவர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்வது அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். கோபித்துக்கொண்டு போனாள் என்பது மட்டும் அத்தையின் சொந்தச் சரக்கு.

அன்றே நான் பாலைக் குடித்தேன். அம்மா வரவில்லை. பிறகு ரேஷன் அரிசிச் சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றால் வருவாள் என்றார்கள். தின்றேன். பாயில் ஒன்றுக்குப் போகாவிட்டால் வருவாள் என்றார்கள். அது மட்டும் என்னால் முடியவில்லை. தூங்கினால்தானே போய்த் தொலைகிறது என்று உட்கார்ந்தே விடிய வைத்துப் பார்த்தேன். அழுதால் வரமாட்டாள் என்றபோது அழுவதையும் விட்டேன். "எங்க பொண்ணு தங்கம், அழறதே இல்ல" என்று அத்தை தெருவெல்லாம் பெருமை பேசினாள். பால்காரர் கேட்பார், பூக்காரம்மா கேட்பாள், மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும் சாமியார்கூடக் கன்னத்தைக் கிள்ளி, "சமத்தா இருக்கியா? அப்போ அம்மா வந்துடுவாங்க" என்று சிரிப்பார். ஊரே சேர்ந்து விளையாடிய விளையாட்டு அது. எனக்கு மட்டும் அது விளையாட்டு என்று தெரியாது.

கடைசி நிபந்தனை படிப்பு. "நல்லா வாசிக்கக் கத்துக்கோ, கிளாஸ்ல முதல்ல வா, உங்கம்மா ஓடி வருவா." வெறிபிடித்தவள் மாதிரி படித்தேன். கடைப் பலகை, பஸ் போர்டு, பொட்டலம் மடித்த காகிதம் எதையும் விடவில்லை. ஏழு வயதில் எங்கள் வகுப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை.

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மனநலம் பற்றிக் கூட்டம் போட்டு என்னையும் அழைத்திருந்தார்கள். என் வயதுக்காரர் ஒருவர் எழுந்து, "எங்க காலத்துல இந்த டிப்ரெஷன் எல்லாம் ஏது? எல்லாத்தையும் தாங்கிக்கிட்டு வளந்தோம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறிந்திருப்பேன். நாங்கள் தாங்கவில்லை ஐயா, கேட்க ஆளில்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

என் படிப்பு உச்சத்தில் இருந்த சமயத்தில் கல்லறைத் திருநாள் வந்தது. வருடாவருடம் அப்பாவும் அத்தையும் மெழுகுவத்தி, சாமந்திப்பூவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள், சின்னப் பிள்ளைகள் வரக்கூடாது என்று என்னை விட்டுவிட்டுப் போவார்கள். அந்த வருடம் பக்கத்து வீட்டுக்குப் பல்லாவரத்திலிருந்து ஒரு அக்கா புதிதாகக் குடிவந்திருந்தாள். புருஷனுக்குத் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. திருநாளுக்கு முந்தின நாள் அத்தை வேலையிலிருந்து வருவதற்குள், மாமனார் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கிளம்பிய அக்கா, "தனியா இன்னா பண்ணுவ பாப்பா, வா" என்று என்னையும் கூட்டிப்போனாள்.

அங்கே எங்கு பார்த்தாலும் எழுத்து. எனக்கு ஒரே குஷி. ஒவ்வொரு கல்லாக நின்று, வகுப்பில் பாடம் ஒப்பிப்பது போல உரக்க வாசித்தேன். புல் செதுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து, "எப்டி படிக்குது பார்யா" என்றார்கள். அந்த மெப்பில் குரலை இன்னும் உயர்த்தினேன். அதே குரலில் அம்மாவின் பெயரை வாசித்தேன். அடுத்த வரியில் இன்னாரின் மனைவி என்று அப்பாவின் பெயர். அதற்கும் கீழே பிறந்த தேதி, இறந்த தேதி.

சாவு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் அழுகை வரவில்லை, அதைத்தான் விட்டாயிற்றே. என் புத்திக்கு எட்டியது ஒன்றுதான். என்மேல் கோபித்துக்கொண்டு போனவள் அந்தக் கோபத்திலேயே செத்துப்போயிருக்கிறாள். அந்தப் பாலைக் குடித்திருந்தால் இருந்திருப்பாள். அப்படி இல்லை என்று நம்புவதற்கு எனக்கு நாற்பது வயது ஆயிற்று, அதுவும் ஒரு டாக்டரிடம் போய் உட்கார்ந்த பிறகு.

ராத்திரி சாப்பாட்டின்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அம்மா வரமாட்டாங்க. கல்லுல பேரு இருக்கு. நானே படிச்சேன்." அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அத்தை என் தோளைப் பிடித்து உலுக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "யாருடி உன்னை அங்க கூட்டிட்டுப் போனது?"

சொன்னேன். அத்தை பின்கட்டுக்குப் போய் மதிலுக்கு மேலாகக் கத்தியது சமையலறை வரை கேட்டது. "தாயில்லாப் பிள்ளைய கல்லறைக்கு இழுத்துக்கிட்டுப் போனியே, உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?"

"எனக்கு இன்னாக்கா தெரியும்? கொழந்தைக்கு நீங்க சொல்லிருப்பீங்கன்னு நெனச்சுகினேன்" என்று பக்கத்து வீட்டு அக்கா அழுதாள்.

எனக்குத் தாய் இல்லை என்பதை எங்கள் வீட்டு ஆள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் என்னிடம் அல்ல.

மறுநாள் காலை அத்தை எனக்கு இரட்டைச் சடை போட்டுவிட்டாள். அத்தை கெட்டவள் அல்ல, என் காய்ச்சலுக்கெல்லாம் கண் விழித்தவள். அன்று வகிட்டை இரண்டு தடவை கலைத்துக் கலைத்து எடுத்தாள். ரிப்பனை முடிந்துவிட்டு, என்னைத் தன் பக்கம் திருப்பி, "சமத்தா படி. உங்கம்மா வருவா" என்றாள். அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். இருவரும் என் வாயையே பார்த்தார்கள். நான் என்ன சொல்லிவிடுவேனோ என்று அவர்கள் பயந்துபோய் நிற்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"சரி அத்தை" என்றேன்.

அப்பா முகம் தெளிந்து, சைக்கிளில் ஏறி வேலைக்குப் போனார்.