ஜங்மு அக்காவின் மாத்திரை அட்டை

எவரெஸ்ட் போகும் வழியில், எங்கள் மலையூர் திங்போச்சேயில் ஜங்மு அக்காவின் விடுதிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு முதல் உபசாரம் மாத்திரை விசாரணைதான். போட்டாயா, தலை வலிக்கிறதா என்று கேட்ட பிறகுதான் டீ வரும். ஒரு காலத்தில் அந்த வெள்ளை மாத்திரையைப் பார்த்தாலே சிரித்தவள் அவள். நான் பக்கத்து விடுதிக்காரி, எல்லாம் என் கண்முன்தான் நடந்தது.

கணவன் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது ஒரே மகள் யாங்சென். அவளும் நியூயார்க் போய்ப் பத்து வருடம் கழித்துத்தான் வந்தாள், பத்து நாள் அம்மாவோடு இருக்க. அக்கா ஒரு மாதமாக அவளுக்கென்று வெண்ணெய் சேர்த்து வைத்திருந்தாள். உருளைக்கிழங்கு ரொட்டி சாப்பிட்டு முடித்ததும் மகள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். உயரம் ஒத்துக்கொள்ள, கீழே நாம்சே ஊரிலிருந்தே தினம் இரண்டு வேளை போடுகிறாளாம்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. "பொறந்த வீட்டுல படுக்க மாத்திரையா? நீ என்ன வெள்ளைக்காரியா?"

"பத்து வருசமா கடலோரத்துல இருக்கேம்மா. உடம்புக்கு மறந்துபோச்சு."

"பெத்தவளையும் மறந்துருப்பே."

அக்கா அட்டையைப் பிடுங்கி, வறட்டி எரியும் அடுப்பில் போட்டாள். அதற்காக அவள் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அன்று நானும் வாய் திறக்கவில்லையே.

மகள் தலைவலியை அம்மாவிடம் மறைத்தாள். மூன்றாம் நாள் காலை, கிழங்குத் தோட்டத்தில் குடித்தவளைப் போலத் தள்ளாடி விழுந்தாள். ஹெலிகாப்டரை வரவழைத்தோம். ஏற்றும்போது, "உன் தப்பில்லம்மா" என்றாள். காத்மாண்டு ஆஸ்பத்திரியில் தேறி, அங்கிருந்தே மகள் நியூயார்க் திரும்பிவிட்டாள்.

அதன் பிறகுதான் இந்த விசாரணையெல்லாம். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறாய் என்று கேலி செய்திருக்கிறேன். அவள் சிரிப்பதில்லை. மகள் போனில் அடுத்த வருடம் வருகிறேன் என்பாள், ஒவ்வொரு வருடமும். மகளுக்கென்று அக்கா எடுத்து வைத்திருக்கும் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை எப்போதும் பிரிக்காமல் இருக்கும். யாருக்குத் தலை வலித்தாலும் அதை மட்டும் அக்கா தரமாட்டாள்.

நேற்று அதை என்னிடம் நீட்டித் தேதி பார்க்கச் சொன்னாள். பொடி எழுத்து அவளுக்குத் தெரியாது. போன மாதமே முடிந்துவிட்டது என்றேன்.

அடுப்பைத் திறந்து அதை உள்ளே போட்டாள். இது நாலாவது அட்டை.

"சனிக்கிழமை சந்தைக்குப் போறப்ப புதுசு ஒண்ணு வாங்கிட்டு வா" என்றாள். "அவ சொல்லாம வந்து நின்னுட்டாள்னா?"