சீட்டின் இரண்டாம் வரி

என் தம்பிக்கு ஐந்து மாதம் நிரம்பியிருந்த மழைக்காலத்தில், வாணியம்பாடி சென்று திரும்பிய மாமா ஒரு ரப்பர் ஜட்டி வாங்கி வந்தார். இடுப்புத் துணியின்மேல் அதை மாட்டிவிட்டால் ஈரம் வெளியே வராது. அடுப்பின் மேல் கொடி கட்டியும் எங்கள் மலையில் துணி உலராத நாட்கள் அவை. அம்மா களையெடுக்கச் சென்ற பொழுதெல்லாம் தம்பியைச் சுமந்திருந்த எனக்கு, நனையாத பாவாடை பெரும் பேறாகத் தோன்றியது. காலையில் மாட்டியதை மாலைவரை ஒருவரும் கழற்றவில்லை.

சில நாட்களில் குழந்தையின் தொடையிடுக்கு சிவந்து, தோல் உரியலாயிற்று. எங்கள் வீட்டில் எந்நோய்க்கும் காரணம் கூறும் அதிகாரம் அப்பாவின் அக்காவிடம் இருந்தது.

"ஒடம்புல சூட்ட வெச்சிக்கினு பாலு குடுத்தா, புள்ளைக்கு வேவாம இன்னா பண்ணும்?" என்றார் அத்தை.

அன்று முதல் அம்மாவுக்குப் பத்தியம். உப்பில்லாத சாமைக் கஞ்சி, இரண்டு வேளை. அதைக் குடித்துவிட்டுத்தான் நாள் முழுதும் களையெடுத்தார். புண் ஆறவில்லை, அம்மாதான் மெலிந்தார்.

ஒரு நாள் எங்களிருவரையும் அழைத்துக்கொண்டு அம்மா ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு இறங்கினார். நர்சம்மா ஜட்டியைக் கழற்றியதும் நெடி எழுந்தது.

"மூத்திரத்துலயே ஊறப் போட்டா தோலு தாங்குமா? நனைஞ்ச துணிய அப்பப்ப மாத்து. வெறும் தண்ணில கழுவி, ஒத்தி எடுத்து, காத்தாட வுடு. காஞ்சப்புறம் தேங்காண்ண தடவு."

"பாலால இல்லீங்களா?"

"பாலு இன்னா பண்ணுச்சி? நீ மொதல்ல நல்லா சாப்புடு."

அம்மா தயங்கினார். "அத ஒரு சீட்டுல எழுதிக் குடுங்கம்மா. நான் சொன்னா எடுபடாது."

வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தியே.

"இன்னாடி எழுதிக்கீது?" என்றார் அத்தை.

"ரப்பர் ஜட்டி போடக் கூடாது. ஈரமில்லாமல் வைக்கவும்" என்று படித்தேன். கீழே இன்னொரு வரி இருந்தது: தாய் எல்லா உணவும் உண்ணலாம். அது தம்பியைப் பற்றியதன்று. கிறுக்கல் எழுத்தோடு மல்லுக்கட்டி நானும் களைத்திருந்தேன். தாளை மடித்துவிட்டேன்.

"அப்புறம்?" என்றார் அம்மா.

"அவ்ளோதாம்மா."

மடித்த தாளை வாங்கி அம்மா முந்தானையில் முடிந்துகொண்டார்.

"ஜட்டிய கழட்டிடலாம். பத்தியம் அது பாட்டுக்கு நடக்கட்டும்" என்றார் அத்தை.

ஐந்தாறு நாட்களில் புண் ஆறியது. பத்தியத்தின் பலன் என்று அத்தை பக்கத்து ஊர்வரை சொல்லி வந்தார். அதனால் தம்பி பால் மறக்கும்வரை பத்தியமும் நீடித்தது. அம்மாவுக்கு உப்பில்லாத கஞ்சிதான் பிடிக்கும் போலும் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன்.